கேட்டுக்கு உள்ளே தமிழ்

1

ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. திருவனந்தபுரத்து வாழ்க்கையில் அன்றாடம் கிடைக்கிற சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பற்றி எழுதுங்கள், மலேசியாவில் நம் வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று தகவல் அனுப்பியிருந்தார். இதற்கு முன்பு படகு வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஆப்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். சுங்கைப்பட்டாணியில் இருக்கும் என் அக்கா அதைப் படித்துவிட்டு, நீ என்ன சுற்றுலாத் துறையில் சேர்ந்துவிட்டாயா என்று கேட்டாள். இந்தத் தடவையும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். மழையைப் பற்றி ஒரு பத்தி வந்தது. படித்துப் பார்த்தேன், எனக்கே எரிச்சலாக இருந்தது. அழித்துவிட்டேன்.

நடந்ததையே எழுதிவிடுகிறேன். போன திங்கட்கிழமை நானும் என் கணவர் தாணுவும் வெளிநாட்டவர் காரியங்களைப் பார்க்கிற ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். வெளிநாட்டவர் நான்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் நம் சிவப்புக் கடப்பிதழை விடவில்லை. தங்கும் அனுமதியை நீட்டித்து நீட்டித்துக் காலத்தை ஓட்டிவிட்டேன். இந்தியரின் மனைவிக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகிற அட்டை ஒன்று தருகிறார்கள், மனுப் போடு, போடு என்று தாணு சொல்லி அலுத்துப்போனார். நான் மனுப் போட்டபோது அவர் பழைய தாணுவாக இல்லை. போன வருடம் கர்க்கடக மாத மழையில், நம் ஆடியில், பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின. கால் பாதி திரும்பியிருக்கிறது. கை திரும்பவில்லை. பேச்சைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கணவனும் மனைவியும் நேரில் வரவேண்டும் என்பது விதி. அதிகாரி சின்னப் பையன், நல்ல பிள்ளை. தாணு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் எழுந்து வந்து அவரே நாற்காலி போட்டார். கேட்டாக வேண்டுமே என்பதற்காக என்னைக் காட்டி, இது யார் என்று மலையாளத்தில் கேட்டார்.

தாணு என்னைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்.

"என்னெ... நோக்குன்ன... ஆளாணு."

என்னைப் பார்த்துக்கொள்கிற ஆள். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பெண்டாட்டிமார் எல்லாருமே அப்படித்தானே என்று அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆயுள் முழுக்க இந்த நாட்டில் தங்க அனுமதி கிடைத்துவிடும் போலிருக்கிறது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

2

தாணுவின் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே வந்து சாலையில் ஜவுளிக் கடை வைத்தது. சாலை என்பது இந்த ஊரில் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய கடைத்தெருவின் பெயர். அரிசி மண்டி, இரும்புக் கடை, துணிக் கடை என்று பாதிக்குப் பாதி தமிழர்கள்தான். அப்பாவுக்குப் பிறகு கடையைத் தம்பி மகாதேவன் எடுத்துக்கொண்டார். தாணு பொறியியல் படித்துவிட்டு நம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் வந்தார். அங்கே ஊழியர் பிரிவில் நான் இருந்தேன். ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்த புதிதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நீங்கள் புரிந்துகொள்வீர்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசி, நடுவில் ஊறுகாய் மாதிரி தமிழைத் தொட்டுக்கொள்வார்கள். இந்த வீட்டில் தமிழிலேயே சண்டை போட்டார்கள். மணக்காட்டில் ஒரு சந்தின் கடைசியில் வீடு. மலையாள ஊரின் நடுவில் இப்படி ஒரு தமிழ் வீடா என்று அக்காவுக்கு எழுதினேன்.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். சண்டை பாதியில் இருக்கும்போது அண்ணனும் தம்பியும் கேட்டைத் திறந்து வெளியே கால் வைப்பார்கள். மிச்சச் சண்டை மலையாளத்தில் நடக்கும். திரும்பி வந்து கொண்டியைப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தமிழில் தொடங்கும். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு பேசும்போதுகூட தாணுவுக்கு மலையாளம்தான் வரும். யாரும் போட்ட சட்டமில்லை. வெளியே போகிறபோது செருப்பு மாட்டுகிற மாதிரி, கால் தானாகச் செய்கிற வேலை. ஏன் இப்படி என்று கேட்டேன். எப்படி என்று திருப்பிக் கேட்டார். அவருக்கே தெரியவில்லை.

எனக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒரு காலைக் கேட்டுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றுகொண்டு, இப்போது எந்த பாஷையில் பேசப் போகிறீர்கள் என்று அவரைச் சீண்டுவேன். அவர் அக்கம்பக்கம் பார்ப்பார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, "உள்ள வா, சொல்லுகேன்" என்பார்.

என் தமிழும் அவர்களுக்கு வேடிக்கைதான். காலையில் எழுந்ததும் "பசியாறியாச்சா?" என்று நான் கேட்டால் மகாதேவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். காலைச் சாப்பாட்டுக்கு இப்படி ஒரு சொல்லை அவர்கள் கேட்டதே இல்லை. தாணு மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் பல்லை விளக்கிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்று, "பசியாறியாச்சா?" என்று என்னைக் கேட்பார். என் தாய்வீடு தினமும் ஒரு தடவை அந்த வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அந்த ஒரு கேள்விக்காக இந்த ஊரின் ஈரத்தையும் கொசுவையும் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் மிகை இல்லை.

3

இனி வருவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை.

மருத்துவமனையில் அவர் கண் விழித்ததும் நான் குனிந்து, நான் இருக்கிறேன், பயப்படாதீர்கள் என்றேன். மகாதேவன் என் முழங்கையைத் தொட்டார்.

"மைனி, இது ஆஸ்பத்திரியாக்கும். மலையாளத்துல சொல்லுங்க. நர்ஸுமாருக்கு மனசிலாகாண்டாமா?"

மைனி என்றால் அண்ணி. நர்ஸுகளுக்குப் புரிய வேண்டாமா என்கிறார். எனக்கு இந்த ஊர் மலையாளம் மீன் வாங்கும் அளவுக்குத் தெரியும், பேருந்தில் ஏறி இறங்கும் அளவுக்குத் தெரியும். சாகக் கிடக்கிற புருஷனிடம் பேசும் அளவுக்குத் தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு அவர் காலைத் தடவிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரிடம் மலையாளத்திலேயே பேசினார்கள். மருத்துவமனை வெளியிடம், வெளியிடத்தில் மலையாளம்தானே. என் மகள் கயல்விழியும் அப்படித்தான். வீட்டில் அப்பா என்று கூப்பிடுகிறவள் அங்கே அச்சா என்று கூப்பிட்டாள். ஆக, புது மூளையோடு கண் திறந்தவர் காதில் வாரக்கணக்கில் விழுந்தது ஒரே பாஷை.

முதலில் வந்த சொல் "வெள்ளம்". மலையாளத்தில் தண்ணீர். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அது எந்த பாஷை என்றெல்லாம் அன்றைக்கு யார் பார்த்தார்கள். பேசிவிட்டார் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு அனு மிஸ் வந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். இவருக்கு என்ன பாஷை என்று கேட்டாள். மகாதேவன் கண் சிமிட்டாமல், மலையாளம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் வங்கியில் கேட்டாலும் ரேஷன் கடையில் கேட்டாலும் இந்தக் குடும்பத்திலிருந்து வருகிற பதில் அதுதான். வெளியே கேட்ட கேள்விக்கு வெளியே சொல்லுகிற பதிலைச் சொன்னார். பொய் சொல்லவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை.

அனு மிஸ் அதை வைத்துத்தான் வேலையைத் தொடங்கினாள். வீட்டுக்கு அனுப்பும்போது கண்டிப்பாகச் சொன்னாள்: ஒரு பாஷை மட்டும் போதும். வேறு எதையும் கலந்து அவரைக் குழப்பாதீர்கள். வீட்டிலும் மலையாளமே பேசுங்கள்.

4

கூடம் மருத்துவமனை ஆகிவிட்டது. வாடகை இரும்புக் கட்டில், பக்கத்தில் தடுப்புக் கம்பி, கழிப்பறை நாற்காலி, வாக்கர், மருந்து வாசனை. அவர் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற பிரம்பு நாற்காலியை இடமில்லை என்று மாடிக்குத் தூக்கிப் போட்டோம். அந்தக் கூடத்தில் நான் என் கணவரோடு தமிழ் பேசக்கூடாது.

பயிற்சிக்காக மருத்துவமனைக்குப் போகும்போது அனு மிஸ் படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். குடை, பசு, கதவு, வாழைக்குலை. அவர் பக்கத்தில் நானும் மாணவியாக உட்கார்ந்துகொள்வேன். நான் சொல்லுகிற மலையாளத்தைக் கேட்டு அவர் சிரிப்பார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு வருகிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். ஆசிரியர் கேட்ட சின்ன சந்தோஷத்தில் ஒன்று என்று இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் அவர் பார்க்கிற மாதிரி நின்று நம் ஊர்த் தே தாரிக், இழுத்து ஆற்றுகிற தேநீர், போடுவேன். கோப்பையை உயர்த்தி உயர்த்தி இழுக்கும்போது அவர் கண்ணும் கூடவே மேலே போய்க் கீழே வரும். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் முடித்தால் புருவத்தை உயர்த்துவார். இன்னொன்று, துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாலைக் கடைக்குப் போவது. கடைக்குள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் உண்டு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் மகாதேவனோடு வேட்டி விலைக்கு மல்லுக்கட்டுவார்கள். நான் ஒன்றும் வாங்காமல் அந்தத் தமிழைக் கேட்டுக்கொண்டிருப்பேன். திரும்பும்போது கிழக்கேகோட்டை பேருந்து நிறுத்தத்தில், நாகர்கோவில் வண்டிப் பக்கம் போய் நிற்பேன். ஏறமாட்டேன். உள்ளே இருக்கிறவர்கள் போனில் வீட்டுக்காரர்களோடு பேசுவதைக் கேட்டுவிட்டு என் வண்டிக்குப் போவேன். ஒரு நாள் நடத்துநர், யாரையாவது ஏற்றிவிட வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கயலைப் பற்றி எழுத மனமில்லை. எழுதாமலும் முடியவில்லை. பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு மலையாளம் மூச்சு விடுகிற மாதிரி. அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்தால் இருவரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். அவர் சொல் கிடைக்காமல் தவித்தால் அவள் எடுத்துக் கொடுக்கிறாள். நான் தேநீரோடு நின்றுகொண்டிருப்பேன். ஒரு நாள் அவருக்கு எங்கோ வலி. எங்கே என்று என் அரைகுறை மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகம் திருப்பினார். கயல் என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினாள்.

"அம்மா, நான் சோதிச்சுக்கிடுதேன். நீங்க பறஞ்சா அப்பாக்கு மனசிலாகாது."

நான் கேட்டுக்கொள்கிறேன், நீங்கள் சொன்னால் அப்பாவுக்குப் புரியாது என்கிறாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். பெற்ற பிள்ளையின் மேல் பொறாமைப்படுகிற ஒருத்தி எப்படி இருப்பாள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

5

மாசக்கணக்கில் மருத்துவமனையில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அனு மிஸ், எங்களுக்குக் கார் கிடைக்காத ஒரு நாள் அவளே வீட்டுக்கு வந்தாள். தாணு தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் மகாதேவனும் கயலும் டியூஷன் விஷயமாகத் தமிழில் வழக்கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதில் விழாத இடத்தில் பழைய பேச்சுத்தான். அனு மிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வீட்டில் தமிழாணோ பறயுன்னது? ஆரும் பறஞ்ஞில்லல்லோ."

வீட்டில் தமிழா பேசுகிறீர்கள், யாரும் சொல்லவில்லையே என்றாள். கோபப்படவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, தாணு சின்ன வயதில் எதில் பேசினார், அப்பா அம்மாவோடு எதில் பேசினார், மனைவியோடு எதில் பேசினார் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். அவள் முகம் சுருங்கியது. முதலிலேயே தெரிந்திருந்தால் தமிழிலும் தொடங்கியிருப்பேன் என்றாள். இனித் தமிழும் பேசிப் பாருங்கள், ஆனால் அரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

அவள் போனதும் மகாதேவன் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயது மனிதர், கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர்.

"மைனி, நான் மறைக்கணும்னு சொல்லல. அவ கேட்டா. வாயில அதாக்கும் வந்தது."

எனக்கு அவரைக் கிழித்துப் போடுகிற அளவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் என்னவென்று கேட்பது? அண்ணனுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்து கிடந்த மனிதர். இருபது வருடமாகக் கேட்டடியில் நின்று நான் சிரித்துக்கொண்டிருந்த வழக்கம்தானே இது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நல்ல சேலை கட்டியிருந்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். "பசியாறியாச்சா?" என்று கேட்டேன்.

அவர் மரியாதையாகச் சிரித்தார். ரயிலில் எதிரே உட்கார்ந்த வடநாட்டுக்காரர் ஏதோ கேட்டால் சிரிப்போமே, அப்படி. "எந்தா?" என்றார். என்ன என்று கேட்கிறார். இன்னொரு தடவை கேட்டேன். அவர் கண் கயலைத் தேடியது, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல.

அன்றைக்குத்தான் போனில் பினாங்குக்கு விமான டிக்கெட் பார்த்தேன். அக்கா சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள், கொஞ்ச நாளாவது வந்து இருந்துவிட்டுப் போ என்று. உண்மையாகவே பார்த்தேன். தேதிகூட முடிவு செய்தேன். மாலையில் அவர் கண் அடுப்படிப் பக்கம் திரும்பியது. தேநீர் நேரம். போனை வைத்துவிட்டுக் கோப்பைகளை எடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை பிறந்தது. பைத்தியக்கார யோசனை என்றாலும் எனக்கு வேறு கதி இல்லை. இந்த மனிதர் இன்னும் வீட்டுக்கே வரவில்லை என்று தோன்றியது. இரும்புக் கட்டிலும் மருந்து வாசனையும் எங்கே இருக்கிறதோ அது அவருக்கு ஆஸ்பத்திரி. எல்லாரும் மலையாளம் பேசுகிறார்கள் என்றால் அது வெளியிடம். வெளியிடத்தில் அவர் எப்படித் தமிழ் பேசுவார்? உயிரே போனாலும் பேசமாட்டாரே.

மாடியிலிருந்து பிரம்பு நாற்காலியை இறக்கினேன். தினமும் மாலையில் வாக்கரோடு அவரைச் சந்து முனை வரைக்கும் நடத்திக்கொண்டு போனேன். வெளியே இருக்கும்வரை மலையாளம். திரும்பி வந்து கேட்டுக்கு முன்னால் நிறுத்துவேன். கொண்டியைச் சத்தம் கேட்கிற மாதிரி திறப்பேன். உள்ளே வந்ததும் சத்தம் கேட்கிற மாதிரி மூடுவேன். அதற்குப் பிறகு தமிழ் மட்டும். வீடு வந்தாச்சு, செருப்பைக் கழற்றுங்கள், தே தண்ணி போடட்டுமா என்று கேட்பேன். அவர் மலையாளத்தில் ஏதாவது சொல்வார், அல்லது சொல்லமாட்டார்.

வெயில் காலம் முழுக்க இதைச் செய்தேன். வெறுதே உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார் மகாதேவன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று கயல் கூச்சப்பட்டாள். மழைக்காலம் வந்தது. குடை பிடித்துக்கொண்டு செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் விழுந்து ஒரு வருடமும் ஆனது. அந்த வாரத்தில்தான் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

6

திங்கட்கிழமை அந்தப் படிக்கட்டிலிருந்து எழுந்து எப்படிக் காரில் ஏறினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மகாதேவன் ஓட்டினார். தாணு முன்னால் உட்கார்ந்திருந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் மகாதேவன் அவரைப் பிடித்துக் கேட்டைக் கடந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வழக்கம்போல நான் செய்யவேண்டிய எதையும் அன்றைக்கு நான் செய்யவில்லை. கொண்டியைத் தொடவில்லை. கடப்பிதழ் இருந்த பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சந்திலேயே நின்றேன். உள்ளே போய் என்ன பேசுவது? தமிழில் பேசினால் யாரோ என்று சிரிப்பார். மலையாளத்தில் பேசினால் நானே யாரோ. என்னைப் பார்த்துக்கொள்கிற ஆள். அந்த ஆளுக்குக் கட்டிலை உதறிப் போடத் தெரியும், மருந்து கொடுக்கத் தெரியும், அதற்கு ஒரு பாஷை தேவையில்லை. இனி அப்படியே இருந்துவிடலாம், எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்ததும் கால் நகரவே இல்லை. மழை கொஞ்சம் வலுத்தது. நனைந்துகொண்டே நின்றேன்.

முற்றத்தில் பாதி தூரம் போனவர் வாக்கரை நிறுத்தினார். திரும்ப முடியாமல் திரும்பினார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்து, தடங்கல் இல்லாமல், பழைய தாணு குரலில் சொன்னார்.

"லே மாதேவா, அவ வெளிய நிக்கா. உள்ள வரச் சொல்லு."

மகாதேவன் கையிலிருந்த கார்ச் சாவி கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "மைனி, கேட்டியளா?" என்றார். எனக்குக் கேட்டது. அவ என்றார். ஆள் என்று சொல்லவில்லை, அவர்கள் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரன் வீட்டுக்காரியைச் சொல்லுகிற அவ.

நான் உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நின்றேன். தம்பியிடம் சொன்னதை என்னிடம் சொல்லட்டும். உள்ள வா என்று கை நீட்டட்டும், சொல்லுகேன் என்று இழுக்கட்டும். மழை கொட்டத் தொடங்கியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாக்கரைத் திருப்பி மெதுவாக வராந்தாவுக்கு ஏறினார். அங்கே நின்ற கயலிடம் மலையாளத்தில் சாயா கேட்டார். அவள் குடையோடு ஓடிவந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அனு மிஸ்ஸிடம் சொன்னேன். நல்லதுதான் என்றாள். ஒரு தடவை வந்து அப்படியே நின்றுபோவதும் உண்டு என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு இதுவரை தமிழில் ஒரு சொல் வரவில்லை.

ஆசிரியருக்கு இதை அனுப்பினால் என்ன சொல்வாரோ தெரியவில்லை. சந்தோஷம் கேட்டார். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

இப்போது மாலை நடை முடிந்து திரும்பியதும் அவரை மகாதேவன் உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார். நான் போவதில்லை. கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வெளியே நிற்கிறேன். அவர் முற்றத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். பிறகு அவர் உள்ளே போய்விடுகிறார். அதற்கப்புறமும் விளக்கு வைக்கிற நேரம்வரை நின்றுவிட்டுத்தான் நான் போகிறேன். சந்தில் போகிறவர்கள் என்ன இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால், காற்று வாங்குகிறேன் என்று மலையாளத்தில் சொல்கிறேன்.